‘செவ்வியல்’ என்னும் அளவுகோல்: கிரேக்கச் சிற்ப வரலாற்றின் காலப் பகுப்பு மீதான ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பண்டைக் கிரேக்கச் சிற்பக்கலையின் வரலாறு தொன்மைக்காலம், செவ்வியல்காலம், ஹெலனியக்காலம் என மூன்றாகப் பகுக்கப்பட்டுக் கற்பிக்கப்பெறுகின்றது. இப்பகுப்பு ஆண்டுகளை வரிசைப்படுத்துவதோடு நிற்பதில்லை. வளர்ச்சி, நிறைவு, தேய்வு என்னும் தரமதிப்பீட்டையும் உடன் சுமந்து வருகின்றது. அம்மதிப்பீடு பிளினி, விங்கெல்மான் ஆகியோர் வழியாக நிலைபெற்ற முறையையும், அகழாய்வுச் சான்றுகள் அதனோடு முரண்படும் இடங்களையும், அது சிற்பங்களின் மீதும் இடிபாடுகளின் மீதும் நேரடியாக நிகழ்த்திய விளைவுகளையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: கிரேக்கச் சிற்பம், காலப் பகுப்பு, செவ்வியல், கூரோஸ், பெர்கமோன், லாவோகூன், அக்ரோபொலிஸ்

பெயரில் உறையும் தீர்ப்பு

கிரேக்கக் கலை பற்றிய பாடநூல்கள் ஏறத்தாழ கி.மு. 700 முதல் 480 வரையிலான காலத்தைத் தொன்மைக்காலம் என்றும், 480 முதல் 323 வரையிலான காலத்தைச் செவ்வியல்காலம் என்றும், 323 முதல் 31 வரையிலான காலத்தை ஹெலனியக்காலம் என்றும் வகுக்கின்றன. இவ்வெல்லைக் கற்களுள் ஒன்றேனும் சிற்பக்கூடத்தில் நடப்பட்டதன்று. 480 பாரசீகர் ஏதென்சைச் சூறையாடிய ஆண்டு. 323 அலெக்சாந்தர் மறைந்த ஆண்டு. 31 ஆக்தியம் கடற்போர் நிகழ்ந்த ஆண்டு. உளியின் வரலாற்றை வாளின் ஆண்டுகளால் அளப்பது வசதியான வழக்கமாக இருக்கலாம். ஆனால் அவ்வெல்லைகளில் கலையும் தன் இயல்பை மாற்றிக்கொண்டது எனக் கொள்வதற்குத் தனிச்சான்று வேண்டும்.

காலப்பெயர்கள் பிறந்த முறையும் கருதத்தக்கது. ‘ஹெலனியம்’ என்னும் சொல்லை ஒரு காலப்பெயராக நிலைநிறுத்தியவர் செருமானிய வரலாற்றாசிரியர் யோகான் குஸ்தாவ் ட்ரொய்சன். 1836இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில், அலெக்சாந்தருக்குப் பின் கிரேக்கமும் கீழைத்தேயமும் கலந்த உலகைக் குறிக்கவே அவர் அதனைக் கையாண்டார். அவர் பார்வையில் அது இழிவுச்சொல் அன்று. மாறாக, உலக வரலாற்றின் ஒரு பெருந்திருப்பத்தைச் சுட்டிய சொல். கலை வரலாற்றுக்குள் நுழைந்த பின்னரே ‘செவ்வியலுக்குப் பிற்பட்டது’ என்னும் நிழல் அதன்மேல் படிந்தது.

‘கிளாசிக்கல்’ என்பதன் வேரான இலத்தீன் சொல் உரோமக் குடிமக்களுள் முதல்தர வரிவகுப்பினரைக் குறித்தது. இரண்டாம் நூற்றாண்டில் ஔலுஸ் கெல்லியுஸ் அதனை முதல்தர எழுத்தாளரைச் சுட்டப் பயன்படுத்தினார். தமிழில் அதற்கு ‘செவ்வியல்’ என்னும் சொல் அமைந்தபோது இத்தரமதிப்பு குறையவில்லை, கூடியது எனலாம். ‘செம்மை’ என்னும் வேர் தமிழ்ச் செவிக்கு இன்னும் உயிருடன் இருக்கின்றது. இலத்தீன் வேரோ ஆங்கிலச் செவிக்கு மறைந்துவிட்டது. ஆகவே தமிழில் கிரேக்கக் கலை பயிலும் மாணவர், ஒரு சிலையையேனும் காணும் முன்னரே, எது செம்மையானது என்னும் தீர்ப்பைப் பெற்றுவிடுகின்றார்.

நின்றுபோனதாகச் சொல்லப்பட்ட கலை

இத்தீர்ப்பின் பழைய ஆவணம் மூத்த பிளினியின் ‘இயற்கை வரலாறு’ ஆகும். வெண்கலத்தைப் பற்றிய அந்நூலின் 34ஆம் பகுதியில், 121ஆம் ஒலிம்பியாதுக்குப் பின் கலை நின்றுவிட்டது என்றும், 156ஆம் ஒலிம்பியாதில் மீண்டும் உயிர்பெற்றது என்றும் அவர் குறிப்பிடுகின்றார். கிறித்தவ ஆண்டுக் கணக்கில் இது ஏறத்தாழ கி.மு. 296 முதல் 156 வரையிலான இடைவெளி. ஒன்றரை நூற்றாண்டை ஒற்றை வரியில் துடைத்தெறியும் இக்கூற்றைப் பிற்கால அறிஞர் பலர் வரலாற்றுச் செய்தியாகவே ஏற்றனர்.

பிளினி அவ்விடத்தில் பேசுவது வெண்கலப் படிமங்களைப் பற்றியே என்பதும், முந்தைய நூல்களைத் தொகுத்துரைப்பவராதலின் அம்மதிப்பீடு அவர்தம் சொந்த மதிப்பீடாக இருக்க வேண்டுவதில்லை என்பதும் அவருக்காகக் கூறத்தக்கவை. ஆயினும் அதே 34ஆம் பகுதியிலேயே, அத்தலோசு, யூமெனிசு ஆகிய பெர்கமோன் மன்னர்கள் கௌலர்களுடன் செய்த போர்களை வெண்கலத்தில் வடித்த கலைஞர்கள் நால்வரின் பெயர்களை அவர் தருகின்றார். கலை நின்றுபோனதாக அவர் சொல்லும் ஆண்டுகளே அப்போர்கள் நிகழ்ந்த ஆண்டுகள். தொகுப்பாளரின் கையிலிருந்த பெயர்ப்பட்டியல் அவர் நம்பிய கோட்பாட்டைப் பொய்ப்பித்தது; இரண்டையும் அவர் அருகருகே எழுதிச் சென்றார்.

19ஆம் நூற்றாண்டு அகழாய்வுகள் அவ்விடைவெளியை நிரப்பிய வேகம் வியப்புக்குரியது. 1863இல் சமோத்ராக்கித் தீவில் சார்ல் ஷாம்புவாசோ கண்டெடுத்த வெற்றித் தெய்வத்தின் சிலை கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சார்ந்ததாகப் பெரும்பாலோரால் கொள்ளப்படுகின்றது. கப்பலின் முன்பகுதியில் வந்திறங்கும் அத்தெய்வத்தின் ஆடை, எதிர்க்காற்றில் வயிற்றோடும் தொடையோடும் ஒட்டிப் பின்புறம் விரிகின்றது. காற்று என்னும் காணவியலாப் பொருளைக் கல்லில் காட்டிய அக்கை, கலை நின்றுபோன காலத்துக் கை.

1878இல் கார்ல் ஹூமான் பெர்கமோனில் தொடங்கிய அகழாய்வு இதனினும் பெரிய சான்றை வெளிக்கொணர்ந்தது. இன்று பெர்லினில் உள்ள பெரும்பலிபீடத்தின் புடைப்புச் சிற்பத்தொடர் ஏறத்தாழ 113 மீட்டர் நீளமும் 2.3 மீட்டர் உயரமும் உடையது. தேவர்களுக்கும் அரக்கர்களுக்கும் இடையிலான போரே அதன் பொருள். பின்னணிக் கல்லிலிருந்து உருவங்கள் முழுமையாக விடுபட முயல்வனபோல் ஆழமாகக் குடையப்பட்டுள்ளன. படிக்கட்டின் இருபுறத்தும் இத்தொடர் குறுகிச் செல்லுமிடத்தில், உருவங்கள் தம் முழங்காலைப் பலிபீடத்தின் மெய்யான படிகளின்மேல் ஊன்றுகின்றன. மேலேறும் வழிபாட்டாளரின் பாதமும் அரக்கனின் முழங்காலும் ஒரே படியைப் பகிர்கின்றன. சிற்பத்தின் உலகுக்கும் பார்ப்பவரின் உலகுக்கும் இடையிலான எல்லையை இவ்வாறு அழிக்கும் துணிவு பார்த்தெனோனின் சிற்பத்தொடரில் இல்லை. அதனால் பார்த்தெனோன் தாழ்ந்தது என்பது பொருளன்று. அவ்விரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை கூறுகின்றன. ஒன்றின் வினாவைக்கொண்டு மற்றொன்றின் விடையைத் திருத்துவதே ‘தேய்வு’ என்னும் சொல் செய்யும் பிழை.

விங்கெல்மானும் லாவோகூனும்

பிளினியின் ஒற்றை வரியைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர் யோகான் யோவாக்கிம் விங்கெல்மான். 1764இல் வெளிவந்த அவரது ‘பண்டைக்காலக் கலை வரலாறு’ கிரேக்கக் கலையைப் பழைய பாணி, உயர்ந்த பாணி, அழகிய பாணி, போலிசெய்வோரின் பாணி என நால்வகைப்படுத்திற்று. உயிரொன்றின் பிறப்பு, வளர்ச்சி, முதுமை போன்றே கலையும் என்னும் உருவகம் அதில் அடிக்கல்லாயிற்று. கலைஞர்களின் வாழ்க்கைக் கதைகளாக இருந்த எழுத்தைப் பாணிகளின் வரலாறாக மாற்றிய பெருமை அவருக்குரியது, அதனை மறுத்தற்கில்லை. எனினும் அவர் கிரேக்கத்திற்கு ஒருமுறையேனும் சென்றதில்லை. அவர் கண்டவற்றுள் பெரும்பாலானவை உரோமில் இருந்த உரோமக்காலப் படிகள்.

இக்கோட்பாட்டின் உள்முரணை லாவோகூன் சிற்பத்தொகுதியே நன்கு விளக்கும். 1506இல் உரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வெளிப்பட்ட இத்தொகுதி, பாம்புகளின் பிடியில் சிக்கிய திராய் நகரப் பூசாரியையும் அவர்தம் மைந்தர் இருவரையும் காட்டுகின்றது. வலியின் நடுவிலும் அடங்கி நிற்கும் உள்ளத்தின் உருவமாக இதனை 1755லேயே விங்கெல்மான் போற்றினார். பின்னர் இதனை அலெக்சாந்தரின் காலத்தில், அஃதாவது கலையின் நிறைவுக் காலத்திற்குள், வைத்தார். சிறந்த படைப்பாதலின் சிறந்த காலத்ததாதல் வேண்டும் என்பதே இதற்குள் உறையும் அளவை. இரண்டே ஆண்டுகளில், 1766இல், லெஸ்ஸிங் இக்கால வரையறையை மறுத்து அதனை உரோமப் பேரரசர் காலத்துக்குக் கொண்டுவந்தார்.

இத்தொகுதியைச் செய்தோர் ஹகெசாந்தர், பொலிதோரஸ், அதெனோதோரஸ் என்னும் உரோதுத்தீவினர் மூவர் எனப் பிளினி குறிப்பிட்டிருந்தார். 1957இல் இத்தாலியின் ஸ்பெர்லோங்காக் குகையில் கிடைத்த சிற்பத் துண்டுகளுள் ஒன்றில் இம்மூவரின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருந்தன. அதன்பின் லாவோகூனை நான்காம் நூற்றாண்டில் வைப்பதற்கு இடமில்லாது போயிற்று. அது ஹெலனியக்காலப் பிற்பகுதியதா, பேரரசுக்காலத் தொடக்கத்ததா, முந்தைய வெண்கல மூலமொன்றின் படியா என்னும் விவாதம் நீடிக்கின்றது. இவற்றுள் எது உண்மையாயினும், கிரேக்க நிறைவின் இலக்கணமாக விங்கெல்மான் காட்டிய சிற்பம், அவர்தம் பகுப்பின்படியே, ‘போலிசெய்வோரின்’ காலத்ததாகின்றது.

விங்கெல்மான் கண்ட லாவோகூனின் வலக்கை வானோக்கி நீட்டப்பட்டிருந்தது. அது பிற்காலத்தார் செய்து ஒட்டிய கை. மூலக்கை என ஏற்கப்பட்ட துண்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் பொல்லாக் உரோமில் கண்டெடுத்தார். அது தலைக்குப் பின்னே மடங்கியிருந்தது. 1950களின் இறுதியில் அது சிற்பத்தோடு இணைக்கப்பட்டபோது, வீரம் பொலிய எழும்பிய உருவம் மறைந்து, தன்னுள் சுருங்கும் உடல் வெளிப்பட்டது. ‘அடங்கிய உள்ளத்தின் பெருமை’ எனப் பல தலைமுறையினர் பயின்ற பாடத்தில் செப்பனிட்டோரின் கைவேலை எவ்வளவு என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

கூரோஸ்களும் வட்டவாதமும்

வளர்ச்சி என்னும் உருவகம் மறுமுனையிலும் செயற்பட்டது. நேர்நோக்கி நின்று, இடக்கால் சற்றே முன்வைத்து, கைகளைத் தொடையோடு சேர்த்த ஆடையற்ற இளைஞரின் உருவங்கள் ‘கூரோஸ்’ என வழங்கப்பெறும். கோயில் காணிக்கையாகவும் கல்லறை அடையாளமாகவும் இவை நிறுத்தப்பட்டன. 1942இல் கிசெலா ரிக்டர் இவற்றைத் தொகுத்துக் குழுக்களாக வகைப்படுத்தினார். உடற்கூறு எந்த அளவிற்கு இயற்கையோடு ஒத்துள்ளது என்பதே அவர் கொண்ட அளவுகோல். செவி, முழங்கால், வயிற்றுத் தசை ஆகியவை கோலமாக அமைந்திருப்பின் முற்பட்டது; உடலாக அமைந்திருப்பின் பிற்பட்டது. அவர்தம் உழைப்பின் விரிவு இன்றும் ஈடற்றது. ஆயினும் முறையியல் நோக்கில் இது வட்டவாதமே. இயற்கைத்தன்மை கூடியவை பிந்தியவை எனக்கொண்டு வரிசைப்படுத்தியபின், அவ்வரிசையைக் காட்டி இயற்கைத்தன்மை காலப்போக்கில் கூடிற்று என நிறுவுதல் இயலாது. தெல்பியில் சிப்னோசு மக்கள் எழுப்பிய கருவூலம்போல, வரலாற்றுக் குறிப்பால் காலம் உறுதிப்படும் சான்றுகள் மிகச் சிலவே.

நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்திலுள்ள கூரோஸ் ஏறத்தாழ கி.மு. 590–580ஐச் சார்ந்தது. அதன் அளவுத்திட்டம் எகிப்தியச் சிலைகளின் அளவுத்திட்டத்தோடு நெருங்கி நிற்பது அளவாய்வுகளால் காட்டப்பட்டுள்ளது. ஆனால் எகிப்தியச் சிற்பி தன் கற்சிலையின் பின்னே விட்டுவைத்த தூண் இங்கில்லை, கைக்கும் உடலுக்கும் இடையில் விடப்பட்ட கல்லும் அகற்றப்பட்டுள்ளது, ஆடையும் நீங்கியுள்ளது. இவையனைத்தும் தெரிந்து செய்த தெரிவுகள். கல்லின் உறுதியைப் பணயம் வைத்து உருவத்தைத் தனித்து நிற்கச் செய்தவர்களைக் ‘கைவராத தொடக்கக்காரர்’ எனல் பொருந்தாது.

அட்டிக்காவில் கிடைத்த அனாவிசோஸ் கூரோஸ் (ஏறத்தாழ கி.மு. 530) இதனைத் தெளிவாக்கும். கொள்ளையரால் நாட்டைவிட்டுக் கடத்தப்பட்டு 1937இல் ஏதென்சு திரும்பிய இச்சிலையோடு தொடர்புபடுத்தப்படும் பீடத்தின் கல்வெட்டு, போரின் முன்னணியில் வீழ்ந்த குரோய்சோஸ் என்பானின் நினைவிடத்தில் நின்று இரங்குமாறு வழிப்போக்கரை வேண்டுகின்றது. இறந்தவனின் முகச்சாயலைக் காட்டுதல் அச்சிலையின் பணியன்று. இறப்பால் பறிபோன இளமையைப் பொதுவடிவில் நிலைநிறுத்தலே அதன் பணி. பொதுமை இங்குக் குறைபாடாகாது, அதுவே பொருள்.

வட்டவாதத்தின் விலையை கெட்டி அருங்காட்சியகம் 1985இல் வாங்கிய கூரோஸ் காட்டிற்று. பாணி வரிசைப்படி ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் தம்முள் விலகி நிற்க வேண்டிய கூறுகள் அவ்வோருடலில் கூடியிருந்தன. உடைமை வரலாற்றை உறுதிப்படுத்தக் காட்டப்பட்ட, 1952ஆம் ஆண்டிட்ட கடிதமொன்றில், 1972இல்தான் வழக்கிற்கு வந்த அஞ்சல் குறியீட்டெண் காணப்பட்டது. 1992இல் ஏதென்சில் இதற்கெனவே கூடிய அறிஞர்களாலும் ஒருமித்த முடிவுக்கு வர இயலவில்லை. ‘கிரேக்கம், ஏறத்தாழ கி.மு. 530, அல்லது தற்காலப் போலி’ என்னும் பொருள்படும் குறிப்பட்டையோடு நெடுநாள் நின்ற அச்சிலை 2018இல் காட்சியிலிருந்து நீக்கப்பட்டது. ஈண்டுக் கருத வேண்டுவது யாதெனில், மண்ணடுக்கில் கிடைத்த இடம் அறியப்படாத ஒரு சிலையைப் பாணியைக்கொண்டு மட்டும் காலம் கணிக்கும் முறை, இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளியைக்கூட ஐயமற அறிய உதவவில்லை என்பதே.

மண்ணடுக்கும் எளிய துணையன்று. உடலின் எடையை ஒருகாலில் தாங்கி, இடுப்பை இயல்பாகச் சாய்த்து நிற்கும் ‘கிரித்தியோஸ் இளைஞன்’ செவ்வியலின் முதற்குரலாகப் போற்றப்படுவது. பாரசீகர் அழித்தவற்றை ஏதேனியர் அக்ரோபொலிசில் புதைத்த குப்பையடுக்கில் அது கிடைத்ததாகக் கருதப்பட்டமையால், கி.மு. 480க்கு முற்பட்டதெனக் கொள்ளப்பட்டது. 1885–90 அகழாய்வின் பதிவுகளை மறுபடியும் ஆராய்ந்த ஆண்ட்ரூ ஸ்டீவர்ட், அவ்வடுக்குகளுட் பல பிற்கால நிரப்புமண்ணோடு கலந்தவை எனக் காட்டி, இப்புதிய பாணி படையெடுப்புக்குப் பின்னரே தோன்றியது என 2008இல் வாதிட்டார். ஒரு காலத்தின் பிறப்புச்சான்றே இவ்வாறு இடம்பெயரும் நிலையில் உள்ளது.

வெண்மையாக்கப்பட்ட கல்

மேற்கூறியவை நூலறிவுக்குள் அடங்கும் பிழைகளாயின் அவற்றால் பெருங்கேடில்லை. ஆனால் அளவுகோல், அளக்கப்படும் பொருளையே செதுக்கத் தொடங்கியது. பண்டைச் சிலைகள் வண்ணம் தீட்டப்பெற்றவை என்பதைக் கத்ர்மேர் த கென்சி 1814லேயே விரிவாக எழுதினார். 1972இல் அட்டிக்காவின் மெரெந்தாவில் பிராசிக்லெயா என்னும் கன்னியின் கல்லறைச் சிலை, செந்நிற ஆடையின் வண்ண எச்சங்களோடு குழியிலிருந்து வெளிப்பட்டது. ஐயத்திற்கு அதன்பின் இடமில்லை. எனினும் ‘செவ்வியல்’ என்றவுடன் மனத்தில் எழுவது வெண்பளிங்கே.

அவ்வெண்மை ஓரளவு ஆக்கப்பட்டது. 1937–38இல், பிரித்தானிய அருங்காட்சியகத்தில், டுவீனின் நன்கொடையால் எழும்பிய புதிய கூடத்திற்கென, பார்த்தெனோன் சிற்பங்களுட் சிலவற்றின் பழுப்புநிற மேற்பரப்பு செம்புக் கருவிகளால் சுரண்டப்பட்டது. தூய்மை என நினைத்துச் செய்யப்பட்ட அச்செயலில் தொல்மேற்பரப்பு இழக்கப்பட்டது. 2009இல் அதே அருங்காட்சியகத்தின் ஆய்வில், ஐரிசு தெய்வத்தின் இடைக்கச்சில் எகிப்திய நீலத்தின் நுண்துகள்கள் ஒளிர்வுப் படப்பிடிப்பால் கண்டறியப்பட்டன. சுரண்டப்பட்ட பரப்புகளில் இத்தகு வினாவை எழுப்பவே வழியில்லை.

ஏதென்சிலும் இதுவே நிகழ்ந்தது. கிரேக்க விடுதலைக்குப் பின் அக்ரோபொலிஸ் ஐந்தாம் நூற்றாண்டு நினைவுச்சின்னமாக மீட்கப்பட வேண்டும் என்னும் கொள்கை வலுப்பெற்றது. பார்த்தெனோன் பல நூற்றாண்டுகள் தேவாலயமாகவும், பின்னர்ப் பள்ளிவாசலாகவும் இருந்த கட்டடம். 1687இன் வெடிப்புக்குப்பின் அதனுள் எழுந்த சிறு பள்ளிவாசல் 1840களில் அகற்றப்பட்டது. நுழைவாயிலின் தெற்குச் சிறகின்மேல் இடைக்காலத்தில் எழுந்த, ஏறத்தாழ 26 மீட்டர் உயரமுள்ள பிராங்கியர் கோபுரம், ஹைன்ரிக் ஸ்லீமானின் பொருளுதவியோடு 1874–75இல் இடிக்கப்பட்டது. அக்காலத்திலேயே எதிர்ப்பு எழாமலில்லை. மலைமீது இன்று காணப்படும் தூய ஐந்தாம் நூற்றாண்டுத் தோற்றம், பெரிக்கிளீசின் கட்டடக்கலைஞரோடு 19ஆம் நூற்றாண்டின் இடிப்போரும் சேர்ந்து அமைத்தது. அக்கோபுரத்தின் கற்களுட் பல அக்ரோபொலிசின் பழங்கட்டடங்களிலிருந்தே எடுக்கப்பட்டவை. அதன் தோற்றத்தை இப்போது பழைய ஓவியங்களிலும், இடிப்பிற்கு முன் எடுக்கப்பட்ட சில ஒளிப்படங்களிலும் மட்டுமே காணவியலும்.